அப்பாவின் சாலையில் அம்மா ஓட்டிய கார்

போன வாரம் நம் குழுவில் ஒரு படம் வந்ததே, பார்த்திருப்பீர்கள். நாம் வளர்ந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடி நடைபாதை. துணி காயும் கம்புகள், கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்த சைக்கிள், ஒவ்வொரு கதவுக்கு வெளியிலும் செருப்புக் குவியல். படத்தைப் போட்டவர் யார் வீட்டுக் கதவு எது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, எங்கள் வீட்டுக்கு வந்ததும், "லோரிக்கார அங்கிள் வீடு. சாயங்காலமானா செவுத்தப் புடிச்சுக்கிட்டே வருவாருல்ல, பாவம்" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இரண்டு பேர் சிரிக்கும் பொம்மை போட்டிருந்தார்கள்.

கோபத்தில் இதை எழுதவில்லை. அவர் அன்றைக்குப் பார்த்ததைத்தான் எழுதினார். நானும் அதே நடைபாதையில் நின்று அதையேதான் பார்த்தேன். பார்த்துவிட்டு அதையேதான் நினைத்தேன். எனக்கு அப்போது பத்து வயது. உங்களில் பலருக்கும் அதே வயதுதான். இப்போது நாமெல்லாம் மூட்டுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொள்ளும் இடத்துக்கு வந்துவிட்டோம். அந்த வருடம் பள்ளி விடுமுறையில் நாங்கள் கோலாலம்பூர் போய் வந்த கதையை இனியும் எனக்குள் வைத்திருப்பானேன் என்று தோன்றியது.

எங்கள் தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் இன்னும் திறக்காத காலம். கடலில் தூண்கள் மட்டும் நின்றிருந்தன. அப்பா அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லோரி ஓட்டினார். வாரத்துக்கு இரண்டு தடவை கோலாலம்பூர் போய் வருவார். வரும்போது அந்தச் சாலை முழுவதையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவார். ஈப்போவிலிருந்து பம்பளிமாஸ், பீடோரிலிருந்து கொய்யா, தஞ்சோங் மாலிமிலிருந்து பாவ் என்கிற ஆறிப்போன சீன ஆவி ரொட்டி. அடியில் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாவை அம்மா மறுபடி ஆவியில் வைத்துக் கொடுப்பாள். அந்த ஊர்களை நாங்கள் பார்த்ததில்லை. ஆனால் ருசி தெரியும். தம்பி ஒரு முறை பள்ளியில் ஈப்போ எங்கே இருக்கிறது என்று ஆசிரியை கேட்டதற்கு, "எங்க வீட்டு மேசையில" என்று சொல்லிவிட்டு வந்தான்.

அந்த வருடம் நடுவில் பை வருவது நின்றது. அப்பா வேலைக்குப் போகவில்லை. லீவு என்றார்கள். பகலெல்லாம் வீட்டில் இருப்பார். அந்தி சாயும் நேரத்தில் கீழே போய்விட்டு வந்தால்தான் தகராறு. நம் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, நினைவிருக்கிறதா? ஒரு மாடி மேலே இறங்கி, படியில் நடந்து வரவேண்டும். அந்தப் படியில் விளக்கு எப்போதும் எரியாது. அப்பா சுவரைத் தடவித் தடவி இறங்குவார். நடைபாதையில் யாராவது வைத்த வாளியை உதைப்பார். ஒரு நாள் பாதி திறந்திருந்த கதவில் நெற்றியை இடித்துக்கொண்டார். எதிர் வீட்டு அக்கா தன் மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "நல்ல மனுசன், தண்ணிக்கு அடிமையாயிட்டாரு. அதான் லோரிய புடுங்கிட்டானுங்க."

பெரியப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவிடம் பேசினார். "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி சத்தியம் வாங்கு. நீ கேக்காம இருந்தா அவன் எப்படி விடுவான்?" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அப்பாவை மோந்து பார்க்க ஆரம்பித்தேன். சாய்வு நாற்காலியில் அவர் கண்ணை மூடிப் படுத்திருக்கும்போது, பேப்பர் எடுக்கப் போவதுபோல் போய்க் குனிவேன். தைல வாசம் வரும், தேத்தண்ணி வாசம் வரும். வேறு ஒன்றும் வராது. வாசமே இல்லாத சாராயம் ஒன்று இருக்கும் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். பத்து வயதில் எதையும் நம்பிவிடலாம், ஏழாவது மாடிக்காரர்கள் எல்லோரும் நம்பினால் இன்னும் சுலபம்.

இதற்கு நடுவில் அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். யாரும் எங்களிடம் காரணம் சொல்லவில்லை. காலையில் எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இரண்டு பேரும் எங்கோ ஒரு திடலுக்குப் போவார்கள். நாங்கள் திரும்பி வரும்போது இரண்டு முகமும் உர்ரென்று இருக்கும். முதல் பரீட்சையில் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது கார் பின்னால் உருண்டுவிட்டதாம், தோற்றாள். இரண்டாவது முறை தேறினாள். அதற்கடுத்த வாரம் அப்பா வாங்கிய பழைய பச்சைக் கார் ஒன்று கீழே வந்து நின்றது. ஓட்டி வந்தது அம்மா. பின்கதவு ஒன்று வெளியிலிருந்துதான் திறக்கும். இருக்கையிலிருந்து வெயிலில் காய்ந்த தோல் வாசமும் பழைய வாழைப்பழ வாசமும் வந்தன. எங்களுக்கு அது ரதம்.

"லீவுல கோலாலம்பூர் போறோம்" என்றார் அப்பா. "சித்தப்பா வீட்டுக்கு. அப்பா போற ரோட்டுலயே. எல்லா எடத்துலயும் நிப்போம்."

அப்பாவின் வலது மணிக்கட்டில் துணிக்கட்டு இருந்தது. சுளுக்கு, அதனால் அம்மாதான் ஓட்டுவாள் என்றார்கள். பெரியப்பா வழியனுப்ப வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். "மூணு புள்ளைங்கள உள்ள வச்சு, நேத்து லைசென்ஸ் எடுத்த பொம்பள கையில குடுத்து... உனக்கு என்னடா ஆச்சு?" அப்பா சிரித்தார். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

படகுத்துறையில் ஏறும் சரிவில் கார் நின்றுவிட்டது. முன்னால் இருந்த கார்கள் படகுக்குள் போய்விட்டன. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். கையில் கொடி வைத்திருந்த ஆள் "செப்பாட், செப்பாட்" என்று அவசரப்படுத்துகிறார். அம்மாவின் கழுத்துக்குப் பின்னால் வேர்வை உருண்டு இறங்கியது. அப்பா குரலை உயர்த்தவே இல்லை. "ஹேன்பிரேக்க இழுத்துக்க. கிளட்ச மெதுவா விடு. மூக்கு கொஞ்சம் தூக்கும் பாரு... தூக்குதா? இப்ப பிரேக்க விடு." கார் ஒரு செருமலோடு மேலே ஏறியது. தம்பி கை தட்டினான். அம்மா திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

பட்டர்வொர்த்தில் இறங்கிப் பிறையைத் தாண்டும்போது புகைபோக்கிகள் தெரிந்தன. "அப்பா கம்பெனி!" என்று தம்பி கத்தினான். அப்பா நேராகவே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா கொஞ்சம் வேகம் கூட்டினாள்.

அதற்குப் பிறகு அப்பா வேறு ஆளாகிவிட்டார். அவருடைய சாலை தொடங்கிவிட்டது. "இப்ப ரெட்டை வளைவு வரும். ரெண்டாவது வளைவுல வலது பக்கம் ஒரு முனியாண்டி கோயில், வாசல்ல ரெண்டு வெள்ளக் குதிரை" என்பார். வளைவு திரும்பினால் குதிரைகள் நிற்கும். "இப்ப பாலம். பாலத்துக்குக் கீழ எப்பவும் யாராச்சும் தூண்டில் போடுவாங்க." ஒரு மலாய்க் கிழவர் குந்தி உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பார். அப்பா சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் வந்து நின்றது. எங்களுக்கு மந்திரவாதியோடு போவது போல இருந்தது. இரண்டு மணி நேரம் நான் சாராயத்தை மறந்தேன்.

தைப்பிங் ஏரிப் பூங்காவில் முதல் நிறுத்தம். பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே சாலையோரத்துப் பெரிய மரங்கள் அப்படியே சாய்ந்து சாலையைத் தாண்டிக் கிளைகளை ஏரித் தண்ணீரில் நனைத்துக்கொண்டிருக்கும். அம்மா பாயை விரித்தாள். புளிச்சோறு, நெத்திலிச் சம்பல், அவித்த முட்டை, வாழை இலையில் கட்டியது. இலை வெந்த வாசமும் சம்பல் எண்ணெயும் விரலில் ஒட்டிக்கொண்டு மத்தியானம் வரை போகவில்லை. அவ்வளவு ருசியாக அம்மாகூட அப்புறம் ஒரு நாளும் புளிச்சோறு செய்ததில்லை. அவளிடமே பிற்பாடு சொல்லியிருக்கிறேன். "அன்னிக்கு நீங்க பசியோட இருந்தீங்க, அவ்வளவுதான்" என்பாள்.

சாப்பிட்டபின் தம்பி அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். தாழ்ந்த கிளை ஒன்று இருந்தது. தம்பி அடியில் புகுந்து போய்விட்டான். அப்பா அதில் நெற்றி மோதி, அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பாவும் சிரித்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கையில் பாதி உரித்த முட்டையோடு எழுந்து நின்றுகொண்டிருந்தாள்.

பட்டப்பகலிலேயே குடித்துவிட்டாரா? எல்லோரும் கை கழுவப் போனபோது அப்பாவின் பையைத் திறந்து பார்த்தேன். சட்டை, துண்டு, பெரிய பழுப்பு உறை ஒன்று, ஃபிளாஸ்க். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மோந்தேன். இஞ்சித் தேத்தண்ணி. ஏனோ அழுகை வந்தது. என் அக்கா பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "என்ன பண்றே?" என்றாள். "தாகம்" என்றேன்.

கோலகங்சாரைத் தாண்டியபின் அப்பா மறுபடி ஆரம்பித்தார். "இப்ப இடது பக்கம் பாருங்க. பெரிய மரவீடு வரும். சன்னலெல்லாம் நீலம். முன்னால செடிய பூனை மாதிரி வெட்டி வச்சிருப்பான். நான் எப்பவும் ஹாரன் அடிப்பேன், அந்த வீட்டுப் பாட்டி கை காட்டும்."

வந்தது வெறும் சிவப்பு மண். ஒரு மண்வாரி இயந்திரம் நின்றிருந்தது. உடைந்த பலகைகளை ஓரமாகக் குவித்திருந்தார்கள். அப்பாவின் முகம் சாலையைப் பார்த்தபடியே இருந்தது, உதட்டில் சிரிப்பு.

"எங்கப்பா?" என்றான் தம்பி.

"நல்லா பாருடா, தாண்டிப் போயிரும்."

அப்போது அக்கா சொன்னாள்: "ஆமாப்பா. நீல சன்னல். அழகா இருக்கு."

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். வாயைத் திறப்பதற்குள் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். அக்காவுக்குப் பதின்மூன்று வயது. அவள் கண்ணில் தண்ணீர் நின்றிருந்தது. கண்ணாடியில் அம்மாவின் கண்களும் அவளைப் பார்த்துவிட்டு உடனே சாலைக்குத் திரும்பின. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து எதையோ எனக்கு மறைக்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தது.

ஈப்போவைத் தாண்டினால் சுண்ணாம்பு மலைகள். அவற்றின் அடியில் பம்பளிமாஸ் கடைகள். பச்சைப் பழங்களைச் சிவப்புக் கயிற்றில் கட்டி, கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றெல்லாம் அந்தத் தோலின் கசப்பு மணம். "அந்தக் கடைசிக் கடை" என்றார் அப்பா. கடைக்காரச் சீன அக்கா அவரைப் பார்த்ததும் ஓடி வந்தாள். "ஐயோ, லாமா தா ஜும்பா! எத்தனை மாசமாச்சு!" என்று மலாயில் அங்கலாய்த்தாள். எங்கள் ஒவ்வொருவர் கன்னத்தையும் கிள்ளினாள். ஒரு பழத்தை உரித்து, ஒரு சுளையை அப்பாவிடம் நீட்டினாள்.

அவள் அவருடைய இடது பக்கம் நின்றிருந்தாள். அப்பா நேரே மலையைப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். சுளை அவர் தோளுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவர் எடுக்கவில்லை. அவள் கையை இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனாள். அப்போதும் எடுக்கவில்லை. அவள் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரே ஒரு முறை தலையசைத்தாள். கடைக்கார அக்கா நேர் எதிரே வந்து நின்று, அப்பாவின் கையை எடுத்து, சுளையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். கிளம்பும்போது நாங்கள் கேட்டதைப்போல இரண்டு மடங்கு பழத்தைக் காரில் ஏற்றினாள்.

தாப்பாவைத் தாண்டியதும் மழை பிடித்தது. அங்கே பெய்யும் மழைதான் உங்களுக்குத் தெரியுமே, வாளியைக் கவிழ்த்தது போல. துடைப்பான் ஓடியும் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. எதிரே மரம் ஏற்றிய லோரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது ஒரு அலை வந்து காரை அறைந்தது. அம்மா, "என்னங்க, எனக்கு ரோடு தெரியல" என்றாள். சின்னப் பிள்ளை குரலில் சொன்னாள்.

"நடுக்கோடு தெரியுதா?"

"விட்டு விட்டுத் தெரியுது."

"அது போதும். அத வலது சக்கரத்துக்குப் பக்கத்துல வச்சுக்க. இப்ப ஏறுது பாரு, எஞ்சின் சத்தம் மாறுதில்ல? இது செம்மண் மேடு. உச்சிக்குப் போனதும் இடது பக்கம் வளையும். நீளமான வளைவு. பத்து எண்ணு, அப்ப முடியும்."

அம்மா உரக்க எண்ணினாள். ஏழு எண்ணும்போது நாங்களும் சேர்ந்துகொண்டோம். பத்தில் சாலை நேரானது.

"இறக்கம். கியர கொறை. கீழ ஒரு மதகு, தண்ணி நிக்கும். பிரேக்க தொடாத. அப்படியே போ." 

அப்படி எத்தனை மைல் போனோமோ தெரியாது. அப்பா அந்தச் சாலையை இருக்கையின் அதிர்விலும் எஞ்சின் சத்தத்திலும் படித்துச் சொன்னார், அம்மா அதை ஓட்டினாள். தம்பி அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் பயப்படவில்லை. குடித்த மனிதர் இப்படிச் சொல்ல முடியாது என்று எனக்கு அப்போதுதான் முதல் சந்தேகம் வந்தது.

தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் லோரிக்காரர்கள் நிறுத்தும் ஒரு சாயாக்கடை. தகரக் கூரையில் மழை இரைந்தது. கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அண்ணன் என்கிற அர்த்தத்தில் அவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"என்ன தம்பி! ஆளையே காணோம். லோரி எங்கே?"

அப்பா உட்கார்ந்தார். மணிக்கட்டில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து மேசையில் வைத்தார். கையில் ஒரு வீக்கமும் இல்லை.

"கண்ணு போவுது நானா."

நானா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேரா பாத்தா உங்க மூஞ்சி தெரியுது. பக்கத்துல எதுவும் தெரியல. ஒரு கொழா வழியா பாக்கற மாதிரி. இருட்டுனா அதுவும் இல்ல. மூணு மாசத்துக்கு முன்ன, பிறையில, ஒரு ஸ்கூல் புள்ள சைக்கிள்ல எடது பக்கமா வந்திருக்கு. நான் பாக்கவே இல்ல. பின்னாடி வந்தவன் ஹாரன் அடிச்சான், நிறுத்துனேன். புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. சைக்கிள்கூட சாயல. அது பாட்டுக்குப் போயிருச்சு. நான் எறங்கிப் பாத்தேன், அதோட சைக்கிள் தடம் என் டயருக்கு இவ்வளவு பக்கத்துல." விரலை விரித்துக் காட்டினார். "லோரிய ஓரமா விட்டேன். சாவிய எடுத்துட்டுப் போயி மேனேஜர் மேசையில வச்சுட்டேன்."

"யாராச்சும் கேட்டாங்களா தம்பி?"

"யாருக்கும் தெரியாது நானா. நானேதான் சொன்னேன். நாளைக்கு கோலாலம்பூர்ல பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. சந்தோஷம். நெஞ்சுக்குள் ஏதோ ஒரு கட்டு அவிழ்ந்து, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா திரும்பி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "எதுக்குடி சிரிக்கற? அப்பாவுக்குக் கண்ணு போவுதுன்னு சொல்றாரு, சிரிப்பு வருதா உனக்கு?"

"அப்பா குடிக்கலம்மா" என்றேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்பா குடிக்கல!"

அப்பா தலையைத் திருப்பி, என் முகம் அகப்படும் வரைக்கும் தேடினார். "யாரு சொன்னா அப்பா குடிக்கறேன்னு?"

"எல்லாரும்."

"நீயும் அப்படித்தான் நெனச்சியா?"

தலையசைத்தேன். மோந்து பார்த்ததைச் சொன்னேன். ஃபிளாஸ்க்கைத் திறந்ததைச் சொன்னேன். அப்பா என்னை இழுத்து முழங்காலில் உட்கார வைத்துக்கொண்டார். பத்து வயதுப் பிள்ளைக்கு அது வெட்கம்தான், ஆனாலும் உட்கார்ந்தேன். "தப்பு பண்ணிட்டேன்மா. சொன்னா பயந்துருவீங்கன்னு நெனச்சு சொல்லாம விட்டேன். அத விடப் பெரிய பயத்த உங்ககிட்ட குடுத்துட்டேன்னு தெரியல." அதற்கு முன்போ பின்போ ஒரு பெரியவர் என்னிடம் அவ்வளவு நேராக மன்னிப்புக் கேட்டதில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நானா திரும்பினார். "தங்கச்சி, நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க? இந்த மழையிலயா?"

"ஆமா நானா."

"அப்ப கவலைப்பட என்ன இருக்கு?" என்றார். உள்ளே பார்த்து, "அஞ்சு ரொட்டி சானாய்! சீனி வச்சுக் கொண்டா!" என்று கத்தினார். அந்த ரொட்டியின் சூடு, சர்க்கரை கரைந்து விரலிடுக்கில் ஒழுகியது, தகரக் கூரையின் இரைச்சல், எல்லாம் இப்போதும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

மறுநாள் டாக்டரின் அறைக்குள் அம்மாவும் அப்பாவும் போனார்கள். நாங்கள் மூவரும் வெளியே ஒரு நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அக்கா தம்பிக்கு நகம் வெட்டிவிடுவது போல அவன் விரல்களையே பிடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த அப்பா எங்களை வரிசையாக உட்கார வைத்து அவரே சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிவிட்டது. போன பார்வை வராது. இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், கொஞ்ச வருடத்துக்கு. "இனி எதையும் உங்களுக்கு மறைக்க மாட்டேன்" என்றார். மறைக்கவும் இல்லை.

அந்தச் சொட்டு மருந்து பதினொரு வருடம் தாங்கியது. அக்காவின் கல்யாணத்தை அவர் பார்த்தார், கொஞ்சம் கொஞ்சமாக, முகம் முகமாக. நாங்கள் பாயான் பாருவுக்கு வீடு மாறினோம். அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். அவள் வேனில் போன பிள்ளைகள் இன்று எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் பெரிய பெரிய வேலையில் இருக்கிறார்கள். கடையில் பார்த்தால் இன்னமும் "வேன் ஆன்ட்டி" என்று காலைத் தொடுகிறார்கள். அப்பா இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, ஏறும் பிள்ளைகளைக் குரலை வைத்தே எண்ணுவார். ஒரு குரல் குறைந்தால் வேன் நகராது. பெரியப்பா கடைசி வரை, சத்தியம் வாங்கச் சொன்ன அந்தப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் தன் மகள் கல்யாணத்துக்குப் பெண்ணை அழைத்துப் போக அம்மாதான் ஓட்ட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து நின்றார். அம்மா போனாள். இருட்டுப் படியில் தடுமாறிய மனிதரைத் தவறாக எடைபோட்ட நம் பெரியவர்கள் மேலும் எனக்கு இப்போது கோபமில்லை. அவர்கள் கண்ணுக்கு எட்டியது அவ்வளவுதான். 

கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்ததையும் சொல்லி முடித்துவிடுகிறேன். விடிந்ததும் கிளம்பினோம். பீடோர் சந்திப்பு வந்தபோது அம்மா வேகத்தைக் குறைத்தாள். அப்பாவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

"பீடோர்தானே? நேரா போ."

"தெரியும்" என்றாள் அம்மா. இடது பக்கம் சிக்னல் போட்டாள். திரும்பினாள்.

"எங்க போற?"

"நீங்க போவாத எடத்துக்கு. தெலுக் இந்தான் ஊர் போர்ட தாண்டும்போதெல்லாம் ஒருநாள் திரும்பணும்னு நெனப்பேன், சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரணும்னு விட்டுருவேன்னு எத்தன தடவ சொல்லியிருக்கீங்க? இன்னிக்குச் சரக்கு ஒண்ணும் இல்ல."

அந்தச் சாலையைப் பற்றி அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. வளைவு எங்கே, பாலம் எங்கே, எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை மடியில் கோத்துக்கொண்டு, "சரி, என்ன தெரியுது சொல்லுங்க" என்றார். முதலில் அக்கா சொன்னாள். எண்ணெய்ப்பனை, வாய்க்கால், வாய்க்காலில் வெள்ளைக் கொக்கு. அப்புறம் நான். ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீடுகள், வாசலில் கோலம், ஒரு அக்கா தலை சீவிக்கொண்டு நிற்கிறாள். தம்பி ஒவ்வொரு நாயையும் நிறத்தோடு சொன்னான். "கறுப்பு நாய்ப்பா. அதுக்கு ஒரு காது இல்லப்பா." அப்பா ஒவ்வொன்றுக்கும் "ம்" கொட்டினார். அந்த ஊர் போய்ச் சேரும் வரை எங்கள் மூன்று பேருக்கும் வாய் ஓயவில்லை.

ஊர் நடுவில் ஒரு பழைய மணிக்கூண்டு. சீனக் கோயில் மாதிரி அடுக்கடுக்கான கூரை. அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். அதுதான் அந்த ஊரின் பெருமையே. அம்மா காரை எதிரே நிறுத்தினாள். அப்பா இறங்கி, நேர் எதிரே நின்று, அடியிலிருந்து மேலே மெல்ல மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி அடியிலிருந்து பார்த்தார். தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"ஏம்மா" என்று கவலையான குரலில் சொன்னார், "டாக்டர் சொன்னத விட மோசமா இருக்கே என் கண்ணு. கோபுரமே சாஞ்சு தெரியுது."

தம்பி பதறிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். "இல்லப்பா, இல்லப்பா! நெசமாவே சாஞ்சுதான்ப்பா இருக்கு! எனக்கும் சாஞ்சுதான் தெரியுது!"

அம்மாவுக்கு ஒரு நொடி ஆனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மூன்று மாதமாக நாங்கள் கேட்காத சிரிப்பு. நிற்க முடியாமல் காரின் முன்பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டாள், கண்ணில் தண்ணீர் வழிந்தது. பக்கத்துக் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே தம்பியும் சிரித்தான்.

அப்பா அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினார். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துத் தேடி, தனக்கு மிச்சமிருந்த அந்தச் சின்ன வட்டத்துக்குள் அம்மாவின் முகத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார். கோபுரத்தை அப்புறம் அவர் பார்க்கவே இல்லை.